தீர்த்தத்துக்கு நற்சான்று கேட்டவர்கள்

அவைத் தலைவர் அவர்களே, இந்த நூல்நிலையத்தை நாற்பது ஆண்டுகள் பூட்டவிடாமல் காத்த பெரியோர்களே, உலையை இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்திருக்கும் தாய்மாரே, கதிரை கிடைக்காமல் மதிலோடு நிற்கும் இளையோரே, உங்கள் அனைவருக்கும் இந்த மகாதேவியின் வணக்கம்.

'சைவமும் விஞ்ஞானமும்' என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். தேன் சொட்டப் பேசலாம். ஆனால் இன்று தேன் இல்லை. போன ஆண்டு நம் ஊரில் நடந்ததைச் சொல்லப் போகிறேன்.

கோயில் கிணற்று நீரில் மலக்கிருமி இருக்கிறது, கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம் என்று சுகாதாரப் பரிசோதகர் பலகை கட்டினார். மாதம் ஒன்று போகவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கினார் கலாநிதி பிரகலாதன். எதிலே கலாநிதிப் பட்டம்? கேட்டோமா? கோட்டும் சூட்டும் கண்டோம், கும்பிட்டோம்.

கோயில் மண்டபத்தில் திரை கட்டிப் படம் காட்டினார். அணு நம் சாத்திரத்தில் உண்டாம். ஆகாய விமானம் உண்டாம். கைத்தொலைபேசிகூட மந்திர வடிவில் உண்டாம். அன்பர்களே, வெள்ளைக்காரன் கண்டுபிடித்த மறுநாள் நம் ஏட்டில் அதைக் கண்டுபிடிக்கிறீர்களே, முதல் நாள் அந்த ஏடு எங்கே இருந்தது? உங்கள் கண் எங்கே இருந்தது?

பின்வரிசையில் கைதட்டுகிறீர்கள். பொறுங்கள், இது கைதட்டுகிற கதை அல்ல.

கடைசியில் கலாநிதி கிணற்றுக்கு வந்தார். மந்திரம் ஓதினால் நீரின் மூலக்கூறே மாறிவிடுமாம். தீர்த்தத்தில் கிருமி உயிர்வாழாதாம். அப்போது உயர்தரம் படிக்கும் ஆரணி என்ற பிள்ளை எழும்பினாள். "ஐயா, அப்ப நீங்கள் ஏன் போத்தல் தண்ணி குடிக்கிறியள்?"

"எனக்கு ஊர்த் தண்ணி பழக்கமில்லை, பிள்ளை" என்று சிரித்தார். மண்டபமும் சிரித்தது. தர்மகர்த்தா கனகசபாபதி, "பெரிய ஆக்கள் கதைக்கேக்கை குறுக்கை கதைக்கக் கூடாது, இரு பிள்ளை" என்றார். மறுநாள் அவரே பலகையைக் கழற்றினார்.

தேர்த் திருவிழா வந்தது. தண்ணீர்ப்பந்தலில் அந்தக் கிணற்று நீரை அள்ளி அள்ளி வார்த்தவர், தர்மகர்த்தாவின் மனைவி கமலாவதி. தானும் குடித்தார். இரண்டு கிழமைக்குள் பதினேழு பேருக்கு நெருப்புக்காய்ச்சல், அதுதான் டைபாய்டு. கமலாவதிக்குக் குடலில் ஓட்டை விழுந்து, ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கீறி உயிரைப் பிடித்து வைத்தார்கள்.

பார்க்கப் போயிருந்தேன். "என்ரை முருகன் இப்பிடிச் சோதிக்கிறானே" என்று கட்டிலடியில் அழுதார் கனகசபாபதி. அந்த அம்மா கண்ணைத் திறந்து மெல்லச் சொன்னார்: "தண்ணி நல்லது எண்டு முருகன் சொல்லேல்லை. நீங்கள்தான் சொன்னனீங்கள்."

மனிதர் வெளியே வந்து கலாநிதிக்குத் தொலைபேசி எடுத்தார். அந்தக் குரல் எனக்கும் கேட்டது. "பக்தி குறைஞ்ச ஆக்களுக்கு அது வேலை செய்யாது, அண்ணை."

ஐம்பது ஆண்டு வெள்ளி விரதம் தவறாத கமலாவதிக்கா பக்தி குறைவு? அட, அறிவு குறைந்தவருக்குப் பட்டம் கிடைக்கிறது, பக்தி நிறைந்தவருக்குப் பழி கிடைக்கிறது.

அடுத்த வெள்ளி, பூசை முடிந்ததும் கனகசபாபதி ஒலிவாங்கியை வாங்கினார். "பலகையைக் கழட்டினது நான். நான் பிழை விட்டிட்டன். ஆரணி கேட்டதுதான் சரி." எல்லோரும் பார்க்கத் தன் கையாலேயே பலகையைத் திரும்பக் கட்டினார்.

கமலாவதி பிழைத்தார். இன்றும் கோயிலுக்குப் போகிறார். கொதித்தாறிய நீர் குடிக்கிறார். இரண்டுக்கும் இடையில் அவருக்கு ஒரு சண்டையும் இல்லை.

சாத்திரத்துக்கு ஆய்வுகூடத்தில் நற்சான்று தேடித் திரிகிறவர்களே, உங்களுக்குச் சாத்திரத்திலும் நம்பிக்கை இல்லை, விஞ்ஞானத்திலும் நம்பிக்கை இல்லை. நம்பியிருந்தால் ஒன்றைக் காட்டி மற்றதை விற்பீர்களா?

ஆனால் கலாநிதியை மட்டும் ஏசிவிட்டு நான் இறங்க முடியாது. அன்று அதே மண்டபத்தின் முன்வரிசையில், முப்பத்தொரு வருடம் இரசாயனவியல் படிப்பித்த ஒருத்தி இருந்தாள். மந்திரத்தால் மூலக்கூறு மாறாது என்று அவளுக்குத் தெரியும். பதினெட்டு வயதுப் பிள்ளை எழும்பினாள், அவள் எழும்பவில்லை. முடிவில் அந்தக் கலாநிதிக்குப் பொன்னாடையும் போர்த்தினாள்.

அவள் நான்தான்.

என் வெட்கத்தை உங்களிடம் ஒப்படைத்துவிட்டேன். பொறுமையோடு கேட்ட உங்கள் காதுகளுக்கு நன்றி, அழைத்த சபையாருக்கு நன்றி. போய் வாறன், வணக்கம்.