லோரி எண்ணெய்

"கெட்டி எண்ணெய ஊத்துனா நாளைக்கு மட்டும் எஞ்சின் சத்தம் அமுங்கிடும்லா."

ஈப்போவில் ஓர் உதிரிபாகக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் தன் மனைவியிடம் சொன்னார். அவர் கையில் லோரிக்கு ஊற்றும் கெட்டி எண்ணெய் போத்தல் இருந்தது. வாசலில் அவர்களுடைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நின்றது.

"அந்த டர்போ எஞ்சினுக்கு மெல்லிசு எண்ணெய்தாங்க ஊத்தணும்."

"அது ஓட்டறவங்களுக்கு. நாம விக்கப் போறோம்."

"நாளைக்குக் கார வாங்க வாரது என் தம்பியாச்சே."

"இதுக்கு முன்னாடி வந்தவங்க எல்லாம் சத்தத்தக் கேட்டதுமே போய்ட்டாங்க. எனக்கு அலுத்துப்போச்சும்மா."

"எனக்கும்தான். ஹைவேயில எஞ்சின் போச்சுன்னா அவன் யாருக்குப் போன் பண்ணுவான், உங்களுக்கா?"

மனைவி கைப்பேசியை நீட்டினார்.

"சத்தத்தப் பதிவு பண்ணி அவனுக்கு அனுப்புங்க. கேட்டுட்டு வரட்டும்."

"கேட்டா வருவானா?"

"வரமாட்டான்."

அவர் போத்தலை அலமாரியில் வைத்துவிட்டு மெதுவாக வெளியே போனார். எஞ்சினை முடுக்கியதும் கடகடவென்ற சத்தம் கல்லா வரை கேட்டது. பானெட்டைத் திறந்து, கைப்பேசியை அதன் மேல் நீட்டியபடி நின்றார்.

கடைக்காரர் அந்தப் பெண்ணிடம் என்ன வேண்டும் என்று கேட்டார்.

"அந்தக் காருக்கு ஏத்த மெல்லிசு எண்ணெயே குடுங்கண்ணே. இனி நாங்கதானே ஓட்டணும்."