முப்பதில் ஒரு பங்கு

எங்கள் ஸ்டூடியோவில் இஞ்சிப் பானம் நான்தான் போடுவேன். பாண்டுங்கில் மழைக்காலம் முழுக்கக் குளிர். கை விறைத்தால் டிரம்ஸ் அடிக்க முடியாது. எங்கள் டிரம்ஸ்காரன் ருஹியாத்துக்குப் பனைவெல்லம் தூக்கலாக இருக்க வேண்டும். அவன் குடித்து முடித்த பிறகே பதிவைத் தொடங்குவேன். அவன்மேல் எனக்கு அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

எங்கள் மெட்டல் இசைக்குழுவின் பெயர் லினி. எங்கள் பேச்சில் நிலநடுக்கம் என்று அர்த்தம். ஏழும் பதினொன்றுமாக மாறிக்கொண்டே இருக்கும் தாளங்கள். ருஹியாத் இல்லாமல் அந்தப் பாட்டுகள் இல்லை. அவன் அப்பாவுக்குக் கைநடுக்க நோய் வந்ததும் குழுவை விட்டுப் போனான். பதினோரு வருடம் அவருக்குச் சோறு ஊட்டினான். அவர் இறந்து நாற்பதாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் ஸ்டூடியோவுக்கு வந்தான்.

"எங்குஸ், ஆல்பத்த முடிச்சிடலாமாடா?"

அதைக் கேட்கத்தான் ஸ்டூடியோவை மூடாமல் வைத்திருந்தேன்.

இரண்டாம் வாரம், ஜெர்மனியில் ஒரு குழு தன்னை அழைத்திருப்பதாகச் சொன்னான். பதிவு முடிந்ததும் விமானம். மூன்று வருட ஒப்பந்தம்.

"மூஞ்சிய ஏன்டா இப்படி வச்சிருக்க? நான் என்ன உன் பொண்டாட்டியா, விட்டுட்டுப் போறதுக்கு?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

டிரம்ஸ் அடிப்பவனின் ஹெட்ஃபோனில் முன்பே பதிவான கிட்டார் போகும். தாளம் தவறாமலிருக்க டிக், டிக் என்று ஓர் ஒலியும் போகும். அனுப்புவது நான். மறுநாளிலிருந்து இரண்டையும் நொடியில் முப்பதில் ஒரு பங்கு தாமதித்து அனுப்பினேன். கேட்டபடி அவன் பிசகாமல் அடித்தான். திரும்பப் போட்டுக் கேட்கும்போது மட்டும் ஒவ்வோர் அடியும் பின்தங்கியது. வேறொன்றும் நான் செய்யவில்லை. தன் கைமேல் கொஞ்சம் சந்தேகம் வந்தால் ஊரிலேயே இருந்துவிடுவான் என்று நினைத்தேன்.

ஹெட்ஃபோனை அவன் சந்தேகப்படவில்லை. 'டிக் பொய் சொல்லாது' என்று சொல்லித்தான் அந்த நாளில் எங்கள் எல்லாரையும் திட்டுவான். இப்போது விரல்களை விரித்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.

எட்டாம் நாள் கேட்டான்.

"அப்பாவுக்கும் இப்படித்தான்டா ஆரம்பிச்சுது. ஒளிக்காம சொல்லு. உனக்குக் கேக்குதா?"

"கொஞ்சம்" என்றேன். கேட்கத்தான் செய்தது. அது பொய்யில்லை.

"நெனெங் கையால சோறு ஊட்டிக்க மாட்டேன். அதுக்கு முன்னாடியே போய்ச் சேந்துடுவேன்."

நெனெங் அவன் மனைவி. அப்பா படுக்கையில் இருந்தபோதும் இதையே சொல்லியிருக்கிறான். ஆகவே நான் பதறவில்லை.

அன்றே ஜெர்மனிக்கு வரவில்லை என்று எழுதிவிட்டான். மனம் மாறிவிடக்கூடும் என்று தாமதத்தை அப்படியே விட்டுவைத்தேன்.

கடைசிப் பாட்டு முடிந்த மதியம், குடித்த கோப்பையை அவனே கழுவி வைத்தான். எப்போதும் கழுவ மாட்டான். பாலத்தின்மேல் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டியிருந்தான் என்று பிறகு போலீஸ்காரர்கள் நீங்கள்தான் சொன்னீர்கள்.

பதிவில் அவன் அடிகளை அதே அளவு முன்னே நகர்த்தினேன். எல்லாம் கிட்டாரோடு ஒட்டிக்கொண்டன. இதைவிட நன்றாக அவன் அடித்ததில்லை.

ஆல்பம் வந்த அன்று நெனெங் ஸ்டூடியோவுக்கு வந்து, ஒன்பது பாட்டையும் உட்கார்ந்து கேட்டாள்.

"கை நடுங்குன மனுஷன் அடிச்சதாண்ணே இது? நீங்க சரி பண்ணீங்களா?"

ஆமாம் என்றிருந்தால் அவள் உங்களிடம் வந்திருக்க மாட்டாள். ஆனால் அவன் வாசிப்பைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஒரு அடியக்கூடத் திருத்தலம்மா. எல்லாம் அவன் அடிச்சதுதான்."

அவனைப் புதைத்த இடம் ஸ்டூடியோவிலிருந்து நடக்கிற தூரம். வாரத்துக்கு இரண்டு முறை போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். ஜெர்மனி என்றால் அது முடியுமா?