திருஷ்டி கழிந்தது

லோகேஷ்: …அதுக்குள்ள மேனேஜர் உன்னைத் தூது வுட்டானா? நான் கம்பெனி உள்ள வரமாட்டேன், போய்ச் சொல்லு.

பாண்டியன்: மெதுவா பேசு மச்சான். டீக்கடைல எல்லாரும் பாக்கறாங்க.

லோகேஷ்: பாக்கட்டும்! மூணு மாசம் கழிச்சி இன்னிக்குதான் வேலைக்கு வரேன். ரெண்டு வெரலைத் தின்ன அதே பிரஸ் மெஷின் முன்னாடி நிக்க வெச்சி, மாலை போட்டு…

பாண்டியன்: மாலைக்குச் சிரிச்சிகினுதானே இருந்தே?

லோகேஷ்: சிரிச்சேன். கோவில்பதாகைல பஸ் ஏறறப்பவே மனசைத் தேத்திகினேன். மெஷினை ஓட்டிக் காட்டி, தடால்னு அடிச்சப்பகூட தாங்கிகினேன். பூசணிக்காய எவன்டா கொண்டாந்தது?

பாண்டியன்: ஜானகிராமன் சாருதான்… திருஷ்டி கழிக்கணும்னு…

லோகேஷ்: மேனேஜர் மூளையே மூளை! உள்ள குங்குமத்தைக் கரைச்சி, அதே எடத்துல போட்டு ஒடைக்கறான். என் பேண்ட்டைப் பாரு, செவப்பா தெறிச்சிகீது.

பாண்டியன்: …பாத்துட்டேன். காலை அந்தாண்ட திருப்பிக்கோ.

லோகேஷ்: அன்னிக்கும் தரையெல்லாம் இப்டிதான்… மூச்சே வரல மச்சான். ஓடியாந்துட்டேன்.

பாண்டியன்: இந்தா, தண்ணி குடி.

லோகேஷ்: இன்னாடா, கிளாஸு இப்டி ஆடுது?

பாண்டியன்: சூடு நைனா.

லோகேஷ்: தண்ணியா?

பாண்டியன்: …குடியேன்டா.

லோகேஷ்: நான் ஓடனப்புறம் அந்தாளு இன்னா சொன்னான்?

பாண்டியன்: அது… இன்னா சொல்லுவாரு. எப்பவும் சொல்றதுதான்.

லோகேஷ்: 'பயம் மனசுலதான் இருக்கு, மூச்சை இழுத்து வுடுங்க.' காலைல மைக்குல அரை மணி நேரம்! கை உள்ள போனா மெஷினை நிறுத்தற சென்சாரு… அதை மாட்டினாங்களா?

பாண்டியன்: ஆர்டர் போட்டுகீதாம்.

லோகேஷ்: மூணு மாசமா வரல. பூசணிக்கா மட்டும் ஒரே நாள்ல வந்துச்சி!

பாண்டியன்: கோவம் நாயம்தான். ஆனா பத்து மணிக்குள்ள உள்ள போவலன்னா, வேலைக்கு லாயக்கில்லன்னு எழுதிடுவாங்க. வூட்ல கலைவாணிகிட்ட இன்னா சொல்லுவே?

லோகேஷ்: நானே எழுதிக் குடுக்கறேன். சென்சாரு மாட்டற வரைக்கும் அந்த மெஷினைத் தொடமாட்டேன்னு. நீ போ, உன்னை அனுப்பனவன்கிட்ட சொல்லு.

பாண்டியன்: யாருகிட்ட?

லோகேஷ்: இன்னாடா முழிக்கற? மேனேஜர்தானே என்னை இட்டுகினு வர அனுப்பினான்?

பாண்டியன்: எவனும் அனுப்பல மச்சான். அன்னிக்கு உன் வெரலைப் பொறுக்கி ஐஸ்ல வெச்சவன் நான்… இன்னிக்கு பூசணிக்கா ஒடஞ்சதும், உனக்கு முன்னாடி கேட்டைத் தாண்டி ஓடனவனும் நான்தான். அந்த லெட்டர்ல எனக்கும் ஒரு கையெழுத்துக்கு எடம் வுடு.