சிவந்த ஈறு

— இல்ல டாக்டர், பார்த்தது போதும். ஊசி போட்டு நிம்மதியா அனுப்பி வெச்சிடுங்க. பூனைக்குக் கழுத்து நிக்கல பாருங்க. ஈரத்துணி மாதிரி தொங்குது.

— சார், கொஞ்சம் பொறுங்க. மேஜைமேல வெச்சதும் முடிவைச் சொல்ற ஆள் நான் இல்ல. மகாராணிய குட்டியிலேர்ந்து பார்க்கறேன். தொட்டுப் பார்க்காம அனுப்ப மாட்டேன்.

— பதினாறு வயசாச்சு டாக்டர் அதுக்கு. கிட்னி போயிடுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க. வீட்டுலயே தோலுக்கடியில சலைன் ஏத்தி ஏத்தி இவ்வளவு நாள் ஓட்டினோம். கடைசில அதைச் சாய்ச்சது கிட்னி இல்ல. எங்க அத்தை.

— என்ன சொல்றீங்க?

— என் மனைவியோட அம்மா. கொஞ்ச நாளா எங்ககூடத்தான் இருக்காங்க. வந்ததுலேர்ந்து பூனைன்னா ஆகாது. முடி கொட்டுது, ராத்திரி கத்துது, கண்ணை மூட விடலன்னு ஒரே பல்லவி. காலைல எழுந்து பார்க்கறேன், பால்கனில ஈரத் தரையில கிடக்குது. கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கு. எனக்கு முன்னாடி எழுந்தது அவங்க ஒருத்தர்தான்.

— அவங்களைக் கேட்டீங்களா?

— கேட்டேனா? வாய்க்கு வந்தபடி கத்தினேன். வயசான ஜீவன்னு ஒரு ஈவு இரக்கம் வேணாமா, நாளைக்கு உங்களை இப்படித் தூக்கி வெளிய போட்டா எப்படி இருக்கும்னு கேட்டுட்டேன். ஒரு வார்த்தை பதில் இல்ல டாக்டர். என்னையே வெறிச்சுப் பார்த்துட்டு நின்னாங்க. அப்புறம் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க. குத்தமுள்ள நெஞ்சு, வேற என்ன.

— அந்த விளக்கைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க. வாயைத் திறந்து பார்க்கணும். சார், இந்த ஈறைப் பாருங்க.

— நல்லா சிவப்பாத்தானே இருக்கு.

— அதான் இடிக்குது. போன தடவை நீங்க கொண்டு வந்தப்போ காகிதம் மாதிரி வெளுத்துக் கிடந்துச்சு. கிட்னி கெட்ட பூனைக்கு ரத்தம் ஊறாது. இதுக்கு இந்தச் சிவப்பு வரவே கூடாது. பாதத்தைப் பாருங்க, அதுவும் அப்படித்தான். இந்த மெஷின் என்னடான்னா ஆக்ஸிஜன் நல்லா இருக்குன்னு காட்டுது. பூனை மூச்சுக்குத் தவிக்குது. ரெண்டும் ஒத்துப் போகல.

— அப்போ விஷம்தானா? சோத்துல ஏதாவது கலந்துட்டாங்களா?

— பொறுங்க, பொறுங்க. இந்த ஆக்ஸிஜன் மாஸ்க்கை அது மூக்குமேல அழுத்திப் பிடிங்க. வீட்டுல வேற ஏதாவது வளர்க்கறீங்களா?

— பொண்ணு ஆசைப்பட்டான்னு லவ் பேர்ட்ஸ் ஒரு ஜோடி வாங்கியிருந்தோம். நேத்து காலைல ரெண்டும் கூண்டுக்குள்ள விறைச்சுக் கிடந்துச்சு. குளிர் தாங்கலன்னு நினைச்சோம். பொண்ணு அழுது தீர்த்துட்டா.

— கூண்டை எங்க மாட்டியிருந்தீங்க?

— பாத்ரூமுக்கு வெளிய, நடையில. அத்தை ரூம் வாசல்ல.

— இது எங்க படுக்கும்?

— அதே நடையிலதான். வெந்நீர் ஹீட்டரோட சூடு அங்க அடிக்கும், சொகுசா சுருண்டுக்கும்.

— கேஸ் ஹீட்டரா?

— ஆமா, கேஸ்தான்.

— ஜன்னலெல்லாம் திறந்திருக்குமா?

— மழை விடாம ஊத்துதே டாக்டர். எல்லாத்தையும் அடைச்சுத்தான் வெச்சிருக்கோம்.

— உங்களுக்குத் தலை வலிக்குதா?

— வலிக்குது. எல்லாருக்குமே வலிக்குது. பொண்ணு வாந்திகூட எடுத்தா. மழைக்காலத்து ஜுரம்னு மாத்திரை போட்டுக்கிட்டோம். ஏன் டாக்டர் உங்க முகம் இப்படி மாறுது?

— மாஸ்க்கை என்கிட்ட குடுங்க. நான் சொல்றதை மட்டும் கேளுங்க. கேஸ் சரியா எரியலன்னா ஒரு நச்சுக் காத்து கிளம்பும். அதுக்கு வாசனை கிடையாது. ரத்தத்துல ஏறினா ஈறு இப்படிச் சிவக்கும், மெஷினும் ஏமாந்துடும். சின்ன உசுரைத்தான் முதல்ல பிடிக்கும். குருவி போச்சு, இப்போ பூனை. வீட்டுல இப்போ யார் இருக்கா?

— மனைவி பொண்ணை ஸ்கூல்ல விடப் போனா. வீட்டுல… டாக்டர், வீட்டுல அத்தை மட்டும்தான்.

— கூப்பிடுங்க.

— அடிச்சுக்கிட்டே இருக்கு. எடுக்கல.

— மனைவியைக் கூப்பிடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க.

— ஹலோ, எங்க இருக்க நீ?

— படியேறிட்டிருக்கேங்க. என்னாச்சு, மகாராணி போயிடுச்சா?

— அதை விடு. வீட்டுக்குள்ள அம்மா…

— மேடம், நான் பூனை டாக்டர் பேசறேன். வெளிய நின்னு நல்லா மூச்சை இழுத்துக்கோங்க. உள்ள போனதும் ஹீட்டரை அணைங்க, ஜன்னலையெல்லாம் திறங்க. உங்க அம்மாவை வெளிய கூட்டிட்டு வாங்க. தலை சுத்தினா நீங்க உடனே வெளிய வந்துடணும். கேள்வியெல்லாம் அப்புறம்.

— ஐயோ, என்னங்க இது. வெந்நீர்க் குழாய் திறந்தபடியே ஓடிட்டிருக்கு. அணைச்சிட்டேன். அம்மா ரூம் உள்பக்கம் தாழ்ப்பாள். தட்டறேன், சத்தமே இல்ல.

— உதை. காலால எட்டி உதை. நான் கத்தினதுலதானே அவங்க சாத்திக்கிட்டாங்க. டாக்டர், நான் கத்தினேனே டாக்டர்.

— மேடம், எதிர்வீட்டுல ஆம்பளை யாராவது இருந்தா கூப்பிடுங்க. தனியா உள்ள நிக்காதீங்க.

— கூப்பிட்டேன். வந்துட்டார்.

— டாக்டர், பால்கனில போட்டாங்களே, பூனையை…

— அங்க கிடந்ததாலதான் சார் இதுக்கு இன்னும் மூச்சு இருக்கு. நடையிலயே கிடந்திருந்தா நீங்க இங்க கொண்டு வர வேலையே இருந்திருக்காது.

— அப்போ அத்தை…

— துவண்டு கிடந்ததைப் பார்த்துக் காத்தாட வெச்சிருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும். என் போன்லேர்ந்து ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன், இருங்க.

— திறந்துடுச்சுங்க. அம்மா கட்டில்ல கிடக்கறாங்க. அம்மா. அம்மா, என்னைப் பாரு. மூச்சு இருக்குங்க. எதிர்வீட்டுக்காரர் தூக்கிட்டார்.

— படிக்கட்டுல காத்து வர்ற இடமா உட்கார வைங்க மேடம். ஆம்புலன்ஸ் வருது. ஆஸ்பத்திரில நச்சுக் காத்துன்னு மறக்காம சொல்லுங்க. பொண்ணையும் அழைச்சிட்டுப் போங்க, நீங்களும் காட்டிக்கோங்க.

— டாக்டர், நான் இப்பவே வீட்டுக்கு ஓடறேன்.

— நாற்காலில உட்காருங்க. மகாராணிய நான் பார்த்துக்கறேன். காது அசையுது பாருங்க.

— என்னங்க, அம்மா கண்ணைத் திறந்துட்டாங்க. உங்களைத்தான் கேட்கறாங்க. போனைக் காதுல வைக்கறேன், பேசுங்க.

— அத்தை, நான்தான். மன்னிச்சுக்கோங்க அத்தை. கோவப்பட்டுக் கதவைச் சாத்திக்கிட்டீங்களே. அதுக்குப் பதிலா என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா?

— கோவம் இல்ல மாப்பிள்ளை. எனக்கும் என்னமோ பண்ணுது, பிடிச்சுக்கோங்கன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நாக்கு புரளல.