பஸ் காசு இருபது

அட, இந்த நோட்டையா கேக்கறீங்க? இதுல இருக்கற கணக்கை மூணு வருஷமா நான் முழுசா நம்பினதே இல்ல தம்பி. எழுதினது யாரா? நான்தான். சிரிக்காதீங்க, நீங்க சிரிச்சா என் தொடை குலுங்குது. பரவால்ல, நல்லா சாஞ்சே உக்காருங்க. எங்க தீவுல பஸ்ஸு நெறைஞ்சா ஒருத்தர் மடியில ஒருத்தர் உக்காரத்தானே வேணும். உங்க வயசுல நானும் எத்தனையோ பேர் மடியில ஆப்பியா டவுனுக்குப் போயிருக்கேன்.

எங்க விட்டேன்? ஆங், நோட்டு. படகுக்கு மோட்டார் வாங்கணும்னு கடன் ஆபீஸுக்குப் போனேன். அங்க ஒரு பொண்ணு, என் மக வயசுதான் இருக்கும், மொதல்ல உங்க காசு எங்க போகுதுன்னு ஒரு மாசம் எழுதிட்டு வாங்கன்னுட்டா. எங்க போகும்? கல்யாணம், சாவு, நியூசிலாந்துலேருந்து மச்சான் வந்தா ஒரு பன்னி. எழுதிப் பாத்தா தலை சுத்துது.

சனிக்கிழமை சாயங்காலம் நோட்டோட உக்காருவேன். என் சம்சாரம் சினிவா கிழங்கு சுரண்டிக்கிட்டே சொல்லுவா, நான் எழுதுவேன். சக்கரை, மண்ணெண்ணெய், டப்பாக்கறி. அப்புறம் பஸ் காசு இருபது தாலா. தேங்காப்பால் ஊத்திச் சுட்ட சேப்ப இலை, அதைச் சந்தையில விக்கறா. வாரத்துல அஞ்சு நாள், போக ரெண்டு, வர ரெண்டு. கூட்டினா சரியாத்தான் வரும்.

மாசக் கடைசியில பாத்தா பெரிய ஓட்டை சர்ச்சுக் காணிக்கை. வாரம் அம்பது. முப்பதாக்கிடலாம்னேன். சினிவா சுரண்டறதை நிறுத்திட்டா. ஃபிலெமோனி வாசிப்பாரேன்னா. உங்க ஊர்லயும் உண்டுல்ல, பேரும் தொகையும் எல்லாருக்கும் கேக்கற மாதிரி? எங்க டீக்கன் ஃபிலெமோனிக்குச் சங்கு மாதிரி குரல். கம்மியாக் குடுத்தவன் பேருன்னா இன்னும் நிறுத்தி நிதானமா வாசிப்பாரு, படுபாவி. வாசிச்சா வாசிச்சுட்டுப் போறாரு, மோட்டாரை அவரா வாங்கித் தரப்போறாருன்னு முப்பதை உறையில போட்டு அவ கையில குடுத்துட்டேன்.

ஞாயித்துக்கிழமை தலையக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். எனேலே குடும்பம், அதான் எங்க குடும்பம், அம்பது தாலாங்கறாரு.

ஆமா தம்பி, அம்பது! இந்தாளு கண்ணாடிய மாத்தணும்னு நெனைச்சேன். அடுத்த வாரமும் அம்பது. மூணு வருஷமா நான் போடறது முப்பது, அவர் வாசிக்கறது அம்பது. நான் ஏன் திருத்தலையா? எந்திரிச்சு நின்னு, ஐயா நான் அவ்வளவு குடுக்கலைங்கன்னு சொல்ல எனக்கென்ன பைத்தியமா? முன் வரிசையில நெஞ்ச நிமித்திக்கிட்டு உக்காந்திருப்பானே என் பங்காளி, அவனுக்கே நாப்பத்தஞ்சுதான்.

மோட்டாரா? வாங்கிட்டேனே. வாரம் இருபது இருபதா சேத்து, போன மாசம், பழசுதான், ஆனா நல்லா இழுக்குது.

இந்த நோட்டைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்க. இதோ செருப்பு. இங்கயும் செருப்பு. ஒரு வருஷத்துல ஆறு ஜோடி, எல்லாம் என் கையெழுத்து. பஸ்ல போய் பஸ்ல வர்றவளுக்கு எதுக்குச் செருப்பு இப்படித் தேயுது? இந்த டிரைவர் இருக்கானே, நான் காணிக்கையக் குறைச்ச ரெண்டாவது மாசமே கேட்டான். என்ன பெரியவரே, நம்ம பஸ்ஸுல பாட்டு சத்தம் ஜாஸ்தின்னு வீட்டம்மாவுக்குக் கோவமா, ஆளையே காணோமேன்னு. போடான்னு சிரிச்சு மழுப்பிட்டேன்.

ஆமா. ரெண்டாவது மாசமேதான்.

நம்பலைன்னு சொன்னேன்ல, அது பாருங்க, சந்தேகம்னு வச்சுக்கிட்டா கேக்க வேண்டியதில்ல. பஸ் காசு இருபதுன்னு அவ சொல்றப்போ என் பேனா கொஞ்சம் நிக்கும். அவ கிழங்கையே பாத்துக்கிட்டிருப்பா. அப்புறம் எழுதிடுவேன். வீட்டுல மிச்சம் பிடிச்சவன்னு பேரு, சர்ச்சுல அள்ளிக் குடுக்கறவன்னு பேரு, ரெண்டையும் நானே எடுத்துக்கிட்டேன். அந்த இருபதை உறையில சேக்க அவ நடந்தது போக ஏழு கிலோமீட்டர், வர ஏழு. கூடையோட.

முன்னாடி செவப்புப் பூ வச்சிருக்கறது யாரா? அவதான். முட்டி ரெண்டும் வீங்கிக் கெடக்கு, ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம். மூணு வருஷத்துக்கப்புறம் இன்னைக்குத்தான் பஸ்ல ஏறியிருக்கா. காலைல ரோட்டோரம் நிக்கறப்போ கையில சில்லறைய வச்சுக்கிட்டு என்னைக் கேக்கறா, பஸ்ஸுக்கு இப்ப எவ்வளவுன்னு. காசு ஏத்தி ஒரு வருஷமாச்சு தம்பி, அவளுக்குத் தெரியல. எனக்குத் தெரியும், ஆனாலும் இருபதுன்னேதான் எழுதிக்கிட்டு வந்தேன். கேட்டுட்டு அவ நாக்கைக் கடிக்கல, தடுமாறல. என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னா.

அப்பத்தான் கேட்டேன். சினிவா, எனக்குத் தெரியும்கறது உனக்கு எப்பலேருந்து தெரியும்?