நஞ்சுண்டன் மாமாவின் ரூம்மேட்

நஞ்சுண்டன்: அந்தப் பெட்டியையும் வேன்ல ஏத்திரு கண்ணு... அது ஹெரால்டோடது.

வசந்தாமணி: இதுவுமா? மாமா, மில்பிடாஸ்ல எங்க வீட்டுக்கு உங்களைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். உங்க ரூம்மேட்டை இல்லீங்க.

நஞ்சுண்டன்: மெதுவாப் பேசு. கீழே காபிக் கடையில குட்பை சொல்லிட்டிருக்காரு. பில்டிங்கையே எவனோ இன்டர்நெட் கம்பெனிக்காரன் வாங்கிட்டான் அம்மிணி. சான் பிரான்சிஸ்கோவுல இனி எங்க ரெண்டு பேருக்கும் தெருதான்.

வசந்தாமணி: அவருக்குச் சொந்தக்காரங்க?

நஞ்சுண்டன்: சின்ன வயசுலயே துரத்திட்டாங்க.

வசந்தாமணி: எதுக்குங்க?

நஞ்சுண்டன்: எதுக்கோ... கவிதை எழுதுனதுக்குன்னு வெச்சுக்கோயேன்!

வசந்தாமணி: எங்க வீட்ல காலியா இருக்கறது ஒரே ரூம் மாமா.

நஞ்சுண்டன்: போதும், போதும். இங்கயும் ஒரே ரூம்தானே? வாடகை மிச்சம்னு...

வசந்தாமணி: தெரியுமே! ஈரோட்டு ஜவுளிக்கடைக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் தாத்தா சொல்லிச் சொல்லிப் பூரிப்பாரு. "அமெரிக்கா போயும் என் பையன் பாதி வாடகைதான் குடுக்கறான்." நாப்பது வருஷமா மிச்சம் பண்ணீட்டே இருக்கீங்க!

நஞ்சுண்டன்: வியாபார ரத்தம்! சரி, பட்டு எடுத்தா கர்சீப் கொசுறு குடுப்போமில்ல? என்னை எடுத்தா அவரு கொசுறு.

வசந்தாமணி: ஆறடிக் கொசுறு! சமைப்பாருங்களா?

நஞ்சுண்டன்: ரசம் வைப்பாரு. உப்பு மட்டும் நான் போடுவேன்.

வசந்தாமணி: வேற?

நஞ்சுண்டன்: காலையில சத்தமாக் கவிதை வாசிப்பாரு... இப்பக் கொறைஞ்சிருச்சு. ஐம்பத்தேழாம் வருஷம் இதே காபிக் கடையில மேசை மேல ஏறி வாசிச்சாரு பாரு, போலீஸே வந்துருச்சு! ரெண்டு பேரையும் அள்ளிட்டுப் போயிட்டாங்க.

வசந்தாமணி: நீங்களுமா கவிதை வாசிச்சீங்க?

நஞ்சுண்டன்: நானெங்க... கையைப் புடிச்சுட்டு நின்னேன். மேசை ஆடுச்சு கண்ணு!

வசந்தாமணி: இறங்கினதுக்கப்புறமும் விடலீங்களாக்கும்?

நஞ்சுண்டன்: அந்தப் பெட்டியைப் பத்திரமா வை கண்ணு.

வசந்தாமணி: பேரம் போதும் மாமா. கடைசி விலை சொல்லுங்க. அவரை நல்ல சீனியர் ஹோமா பார்த்து அட்மிட் பண்ணிட்டா—

நஞ்சுண்டன்: அப்ப நானும் அங்கயே போறேன். பெட்டியெல்லாம் இறக்கு.

வசந்தாமணி: ஒரு ரூம்மேட்டுக்காகவா?

நஞ்சுண்டன்: ரூம்மேட் இல்ல அம்மிணி... ரூம்மேட் இல்ல. போதுமா? உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லீராதே. இந்த வயசுல அக்கா தாங்க மாட்டா.

வசந்தாமணி: இந்த ஒரு வார்த்தைக்கு என்னை எவ்வளவு நேரம் இழுத்தடிச்சீங்க! போய் அவரைக் கூப்பிடுங்க. ரூமுக்குத் தனித்தனியா ரெண்டு கட்டில் பார்த்துட்டிருந்தேன்... அம்மாதான் ஈரோட்டுல இருந்து போன் போட்டுத் திட்டினாங்க. "கூறு கெட்டவளே, பெரிய கட்டிலா ஒண்ணு வாங்கிப் போடு. இத்தனை வருஷம் ஒண்ணா வாழ்ந்தவங்களை நீ எதுக்குடி பிரிக்கறே?"