அத்தை அகராதியில் அட்ஜஸ்ட்

— அட்ஜஸ்ட் பண்ணிக்க கண்ணு. நான் வேற என்னத்தப் பெருசாக் கேட்டுப்போட்டேன்?

— நல்ல வார்த்தையாப் பாத்து எடுத்தீங்க அத்தை. அப்படியே திரும்பி போர்டப் பாருங்க. இன்னைக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸுல புள்ளைங்களுக்கு அதத்தான் நடத்துனேன்.

— எனக்கென்னத்த இங்கிலீஷ் தெரியும்? கோழி கிண்டுனாப்பல இருக்குது.

— படிச்சுச் சொல்றேனுங்க. அட்ஜஸ்ட். ஒண்ணு, திருகித் திருகி அளவுக்குக் கொண்டு வர்றது. பைக்குக் கண்ணாடிய அட்ஜஸ்ட் பண்றோமுங்களே, அது. ரெண்டு, கலைஞ்சதச் சரி பண்றது. சேலை மடிப்பு, மூக்குக் கண்ணாடி. மூணு, புது எடத்துக்குப் பழகறது. அதுக்கு அடாப்ட்னு பக்கத்துலயே இன்னொரு வார்த்தை எழுதியிருக்கறேன்.

— செரி, அதுக்கென்ன இப்ப?

— இதுல எங்கயாச்சும் "வாங்கற அறைய வாங்கிட்டு வாய மூடிட்டு இரு"ன்னு அர்த்தம் இருக்குதுங்களா? நானும் நாலு டிக்‌ஷனரி பொரட்டிப் பாத்துட்டேன். அது உங்க அகராதில மட்டுந்தான் இருக்குது.

— லோகப்பிரியா! பெரியவங்ககிட்ட எகத்தாளம் பேசாதே. என்ற பையன் கை நீட்டுனது தப்புத்தான். அதான் கோர்ட்டுல தீர்த்துட்டு வந்துட்டியே, மூணு வருசமாச்சு. இப்ப உனக்கு மாமியாளா வரல. உன்ற அப்பனுக்கு அக்காளா வந்திருக்கறேன்.

— எந்த மொறைல வந்தாலும் கொண்டு வர்ற சாமான் ஒண்ணேதானுங்களே.

— சித்தெ சொல்றதக் கேளு. ஞாயித்துக்கெழமை உன்ற தம்பி மிதுனுக்கு முகூர்த்தம். இணைச்சீர நித்யஸ்ரீ செய்யட்டும். நீ வா, முன்வரிசைல உக்காரு, வயிறாரச் சாப்பிடு. அந்த அரை மணி நேரம் மட்டும் அக்கட்டால தள்ளி நின்னுக்க.

— மாப்பிள்ளைக்குக் கூடப்பொறந்தவ செய்யற சீருங்க அது. கூறைச்சேலைல ஒரு நுனி அவன்கிட்ட, மறுநுனி அவகிட்ட. நித்யஸ்ரீ பெரியப்பா புள்ள. நான் அவன் பொறந்த வயித்துலயே பொறந்தவ. இன்னும் உசுரோடதான் இருக்கறேன்.

— வாழற பொண்ணு நிக்கோணும்னு ஒரு மொற இருக்குது அம்மணி.

— நான் வாழலீங்களா? அறுவது புள்ளைங்க இந்த மாடிப்படி ஏறி வருது. மூணு நேரமும் சாப்பிடறேன். எவன் கதவ ஒதைப்பானோன்னு பயப்படாமத் தூங்கறேன். இதுக்கு உங்க ஊர்ல என்னங்க பேரு?

— உனக்கு நாயம் பேசச் சொல்லியா தரோணும்? பொண்ணு ஊட்டுக்காரங்க என்ன நெனைப்பாங்க, அதச் சொல்லு.

— அது கெடக்கட்டுங்க. எங்கப்பா கல்யாணத்துல இணைச்சீர் செஞ்சது நீங்கதானுங்களே? அன்னைக்கு என்ன வாக்கு வாங்குனீங்க?

— அல்லாரும் வாங்கறதுதான். தம்பிக்குப் பொண்ணு பொறந்தா என்ற பையனுக்குன்னு.

— அந்தப் பொண்ணு நான்தானுங்க. நீங்க நுனியப் புடிச்சீங்க, நான் மாட்டுனேன். கல்யாணமாகி எட்டாம் நாளு உங்க மதன்குமார் அறைஞ்சான். ரத்தமாத் துப்பிட்டு நின்னேன். நீங்க சொம்புல தண்ணி மோந்து குடுத்துப்போட்டு என்ன சொன்னீங்க?

— பழசக் கிளறாதே கண்ணு.

— "அட்ஜஸ்ட் பண்ணிக்க"ன்னீங்க. வேலைக்குப் போகக்கூடாதுன்னான், அட்ஜஸ்ட். போனத் தூக்கி ஒடைச்சான், அட்ஜஸ்ட். ஏனுங்க, ஒரே வார்த்தைய வெச்சுட்டு எத்தனை வியாதிக்கு மருந்து குடுப்பீங்க? எட்டாவது படிக்கற புள்ளைகூட ஒரு வார்த்தைக்கு நாலு மாத்து வார்த்தை எழுதுதுங்க.

— நித்யஸ்ரீயப் பாத்தாச்சும் கத்துக்க. பவானில குடுத்தோம். அந்தச் சம்பந்தியம்மா என்ன லேசுப்பட்ட பொம்பளையா? இத்தனை நாள்ல புள்ள ஒரு மூச்சு உட்டிருப்பாளா?

— மூச்சு உடாம எத்தனை நாளுங்க இருக்க முடியும்?

— எதைச் சொன்னாலும் எடக்கு.

— மிதுன் என்ன சொன்னான்? அதை மட்டும் சொல்லுங்க.

— அவன் என்னத்தச் சொல்லுவான்? தலைய ஆட்டுனான்.

— ஆட்டுனானுங்களா? அம்மா போனதுக்கப்புறம் நான் எண்ணெ வெச்சுச் சீவிவிட்ட தலைங்க அது. வெக்கத்த உட்டுச் சொல்றேன் அத்தை, அந்த நுனியப் புடிக்கோணும்னு எனக்கு ஆசை இருந்துச்சு. ஊருக்குக் காட்டறதுக்கு இல்லீங்க. அவன் பக்கத்துல நிக்கறதுக்கு.

— அழுவாதே அம்மணி.

— அழுவறேன்தான். அதுலென்ன கேவலம்? ஆட்டுன தலைக்குத்தான் வெக்கம் வேணும்.

— போன் அடிக்குது பாரு.

— உங்க நித்யஸ்ரீதானுங்க. கையெல்லாம் சாக்பீஸ், ஸ்பீக்கர்ல போடறேன். சொல்லு நித்யா.

— அக்கா, அன்னூர் பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன். பவானில இருந்து பொட்டியோட வந்துட்டேன். இனி அந்த ஊட்டு வாசப்படி மிதிக்கறதா இல்ல. உன்ற ரூம்ல எனக்கொரு மூலை இருக்குமாக்கா?

— அடிச்சானா?

— எடது காது கேக்க மாட்டீங்குதுக்கா. மூணு நாளாச்சு.

— பொறப்பட்டு வந்தயே, அதுவே போதும். டீக்கடைல உக்காந்துக்க. பத்து நிமிசத்துல வாரேன். மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போறோம்.

— அக்கா, அத்தைகிட்ட மட்டும் சொல்லிப்போடாதே. போன மாசம் அவங்ககிட்டத்தான் மொதல்ல அழுதேன். அட்ஜஸ்ட் பண்ணிக்கன்னு சொல்லி போன வெச்சுட்டாங்க.

— நான் சொல்ல மாட்டேன் நித்யா. வெச்சுரு.

— வெச்சுட்டாளா கண்ணு?

— ஏனுங்க அத்தை, இப்ப மூச்சு உட்டிருக்கறா. கேட்டுச்சுங்களா?

— அட கெரகமே! கல்யாணத்துக்கு நாலே நாளு இருக்குது. பங்காளி ஊட்டுல வேற பொண்ணும் கெடையாது. இப்பச் சீருக்கு ஆரு நிக்கறது?

— அவ காதப் பத்திக் கேப்பீங்கன்னு பாத்தேன். சீரப் பத்திக் கேக்கறீங்க.

— என்னைய வெய்யாதே கண்ணு. நீயே வந்து நுனியப் புடிச்சுரு. மிதுன்கிட்ட நான் பேசிக்கறேன். பொண்ணு ஊட்டுக்காரங்க என்ன வேணா சொல்லிட்டுப் போறாங்க.

— வாரேனுங்க. நித்யஸ்ரீயும் வருவா, ஒட்டுக்காத்தான் நிப்போம். சேலை நுனில ரெண்டு பேரு கைக்கும் எடம் இருக்குது. மேடைல எங்களப் பாக்க உங்களுக்குத்தான் சங்கடமா இருக்கும். சித்தெ அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க அத்தை.